வளைந்து வளைந்து போகும் கிராமத்துச் சாலையில் ஒரு முழு நாள் பைக் ஓட்டுவது எப்படி

முதலில் தூரக் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கு, வரைபடத்தில் 300 கிலோமீட்டர் கிராமத்துச் சாலை என்று பார்த்ததும் மதியத்துக்குள் முடித்துவிடலாம் போலத் தோன்றும். முடியாது. வளைவு, நடுநடுவே ஊர், ஊரைத் தாண்டினால் குறுக்கே மாடு, முன்னால் டிராக்டர், வழி தவறிப் போய்த் திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் வந்தாலே நல்ல வேகம். நின்று இளைப்பாறுகிற நேரத்தையும் சேர்த்தால் அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் 250 கிலோமீட்டர் நிதானமான கணக்கு, 300 கொஞ்சம் பேராசை.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம், வளைவுச் சாலையில் பெட்ரோலுக்கு முன்னால் தீர்ந்துபோவது கவனம்தான். நேர்ச்சாலையில் ஒரு நிமிஷம் மனசு வேறெங்கோ போனாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே சில வினாடிக்கு ஒரு தடவை வேகம் எவ்வளவு, எந்தக் கியர், எங்கே திரும்புவது, தரையில் என்ன கிடக்கிறது என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் எல்லோருமே நன்றாகத்தான் ஓட்டுகிறோம். எட்டாவது மணி நேரத்திலும் அதே கவனம் மிச்சம் இருக்கிற மாதிரி ஓட்டுவது எப்படி என்பதுதான் விஷயம், கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கிளம்புவதற்கு முன்

வழியைப் போடும்போது கடினமான பகுதியை முற்பகலில் வையுங்கள். திரும்பி வரும் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பெரிய சாலை இருந்தால் ரொம்ப நல்லது, அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். மொபைல் வரைபடம் எப்போதும் சீக்கிரம் போகிற வழியைத்தான் காட்டும், ஆகவே சின்னச் சாலைகளில் நடுநடுவே புள்ளிகள் வைத்து நீங்களே அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சிக்னல் இல்லாத இடம் நிச்சயம் வரும் என்பதால் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் யாராவது ஒருவரிடம் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் பள்ளத்தில் விழுந்து கிடந்தால் தேடி வருகிறவருக்கு அந்த ஒரு தகவல் போதும்.

பெட்ரோல் பாதி டேங்குக்கு வந்ததும் அடுத்து கண்ணில் படுகிற பங்கில் நிரப்பிவிடுங்கள். வளைவும் ஏற்றமும் உள்ள சாலையில் சின்ன கியரிலேயே ஓடும், வழக்கமான மைலேஜ் கிடைக்காது.

வண்டியில் முதலில் டயர். காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பத்து இருபது கிலோமீட்டர் ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது அளந்து பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எவ்வளவு வைப்பது என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் வேறு அளவு, அதையும் பாருங்கள். இன்னொன்று, எப்போதும் நேர்ச்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்த டயரோடு வளைவில் சாய்த்தால் முதலில் சாய மறுக்கும், அப்புறம் அந்த விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று விழுவது போல் சாயும். பயமாக இருக்கிறது என்று நம் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், குறை டயரில் இருக்கும்.

செயினின் தொய்வைக் கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் என்பது போல் இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய அளவு புத்தகத்தில். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தொங்கியும் இருக்கும். தொய்வு அதிகமான செயினோடு வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மூடித் திறந்தால் வண்டி ஒரு குதி குதிக்கும்.

பிரேக் ஆயிலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்த பிறகோ அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் லீவரை இழுக்க இழுக்கக் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். நிறம் கறுத்திருந்தால் இந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பஞ்சருக்கு: டியூப்லெஸ் என்றால் பிளக் கிட்டும் சின்ன பம்பும் சீட்டுக்கு அடியிலேயே அடங்கும். டியூப் டயர் என்றால் மாற்று டியூப், டயர் லீவர், சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனர் எல்லாம் வேண்டும், முக்கியமாக வீட்டில் ஒருமுறையாவது கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

உடைக்கு வருவோம். ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடிய பூட் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நான் உபதேசம் செய்யப்போவதில்லை. நாள் முழுக்க ஓட்டும்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வெப்பநிலை மாறுவது. 1000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அதற்கு மேல் காற்று: 10 டிகிரி குளிரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு அது 4 டிகிரி போல் உறைக்கும். விரல் மரத்துப் போனால் பிரேக்கின் அளவு கைக்குத் தெரியாது. ஒரே தடித்த உடுப்பாக இல்லாமல் கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு மூன்று மெல்லிய உடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது காதடைப்பான். வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். காது கெடுவது ஒரு பக்கம், மாலையில் காரணமே தெரியாமல் சோர்ந்து போவதில் பாதி இந்த இரைச்சல்தான் என்பது என் கருத்து. பஞ்சு மாதிரி மெத்தென்ற அடைப்பான் காற்றிரைச்சலைக் குறைக்கும், ஹாரன் கேட்கத்தான் செய்யும். சில இடங்களில் சட்டம் இதை அனுமதிப்பதில்லை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் பாட்டு வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, வளைவுக்கு வளைவு எதிரே வரும் வண்டியின் சத்தம்தான் முதல் தகவல்.

கண் போகிற இடத்துக்கு வண்டி போகும்

வளைவுச் சாலையில் வேகத்தைத் தீர்மானிக்க ஒரே ஒரு விதி போதும்: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், உங்கள் பக்கத்துச் சாலையிலேயே நிறுத்த முடிய வேண்டும். கேட்க எளிது. ஆனால் நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. காய்ந்த தார்ச்சாலை, சாதாரணக் கைப்பழக்கம், ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கைத் தொட ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க சுமார் 21 மீட்டர் ஆகும், 60ல் 40 மீட்டர், 80ல் 63 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலு மடங்காகும். சாலை ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம் என்றால் எதிரே வருபவரும் நிற்க வேண்டும், அப்போது தெரிகிற தூரத்தில் பாதிதான் உங்களுக்குச் சொந்தம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெரிகிற தூரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வளைவுக்குள் நுழையும்போது சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஒன்றாகச் சேர்கிற மாதிரி ஒரு புள்ளி தெரியும். அதற்கு அப்பால் உங்களுக்கு எதுவும் தெரியாது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு போங்கள். நீங்கள் போகப் போக அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அதே தூரத்தில் உங்களோடு நகர்ந்துகொண்டே இருந்தால் இந்த வேகம் சரி. விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு விரிகிறது, மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் பல காலமாகச் சொல்லித் தரும் முறை இது. கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும், கைவந்துவிட்டால் தெரியாத சாலையிலும் திகைக்க வேண்டியதில்லை. மரங்களையோ மின்கம்ப வரிசையையோ பார்த்து சாலை இப்படித்தான் திரும்பும் என்று ஊகிப்பது துணைக்கு மட்டும்தான். கம்பம் நேராக வயலுக்குள் போகும், சாலை வலது பக்கம் திரும்பும்.

கண் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் உண்டு. பயந்தால் நாம் எதைக் கண்டு பயந்தோமோ அதையே வெறித்துப் பார்ப்போம், வண்டியும் நேராக அதை நோக்கிப் போகும். பள்ளம், கல், எதிரே வரும் லாரியின் சக்கரம், எதுவானாலும் இதே கதைதான். பள்ளத்தைக் கண்டதும் அதன் பக்கத்தில் உள்ள நல்ல தரைக்குப் பார்வையை மாற்றிவிட வேண்டும். தலையையே திருப்புங்கள், கண்ணை மட்டும் உருட்டினால் போதாது. கொண்டை ஊசி வளைவில் மோவாய் தோளுக்கு மேலே வருகிற அளவுக்குத் தலை திரும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், வண்டி மட்டும் சொன்னபடி திரும்பும்.

வளைவை எடுக்கும் விதம்

வேகத்தைக் குறைப்பது, கியரை இறக்குவது இரண்டையும் வண்டி நேராக நிற்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் திரும்புங்கள், வெளியே போகும் வழி கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரை மெல்லத் திறங்கள். மெதுவாக நுழைந்து நிதானமாக வெளியேறுகிற இந்த வரிசை அலுப்பான பாடம் போலத் தெரியும், ஆனாலும் நாள் முழுக்கத் தாங்குவது இதுதான். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் அதிக வேகத்தில் நுழைந்து, உள்ளே போனபின் ஐயோ என்று சமாளித்து வெளியே வருகிறவர் நூறு வளைவில் நூறு தடவை பயப்படுகிறார், மதியத்துக்குள் அவர் கவனம் காலியாகிவிடும்.

எவ்வளவு வேகம் கூடினால் எவ்வளவு சாய வேண்டும் என்பதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை 50 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சுமார் 22 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 70 என்றால் 38 டிகிரி. இருபது கிலோமீட்டர்தான் கூடியது, சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது, அங்கே கொஞ்சம் மணல் கிடந்தால் தப்பிக்க இடமே இல்லை.

திருப்புவது எப்படி என்றால், இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், வலது பக்கம் போக வலது கைப்பிடியை. நடைப்பயண வேகத்தைத் தாண்டியதும் எல்லா இருசக்கர வண்டியும் இப்படித்தான் திரும்புகிறது, தெரிந்தோ தெரியாமலோ நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். சைக்கிள்கடை நடத்திய வில்பர் ரைட் (ஆமாம், விமானம் செய்த சகோதரர்களில் மூத்தவர்) சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம் என்பதே தெரியவில்லை என்று கவனித்திருக்கிறார். தெரிந்து செய்வதில் லாபம் இருக்கிறது: வளைவு நடுவில் எதிர்பாராமல் இறுகும்போது, பிரேக்கைப் பாய்ந்து பிடிக்காமல் உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வண்டி மேலும் சாய்ந்து உள்ளே வரும். பெரும்பாலும் வண்டிக்கு அந்த அளவு தாங்கும் சக்தி இருக்கும், ஓட்டுகிறவருக்குத்தான் நம்பிக்கை இருக்காது. 1981ல் வெளிவந்த, லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை ஹாரி ஹர்ட் குழுவினர் நேரில் ஆராய்ந்த அறிக்கையிலும் இதே கதைதான். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே விழுந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்று பிரேக்கை அதிகமாகப் பிடித்து வழுக்கினார்கள், அல்லது வளைவில் வேகம் அதிகமாகியோ போதுமான அளவு சாய்க்காமலோ வெளியே போய்விட்டார்கள்.

சாலையில் எந்த இடத்தில் ஓட்டுவது? இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை வைத்துச் சொல்கிறேன், வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் இருப்பவர்கள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். இடது வளைவு வரும்போது உங்கள் பாதியின் வலது ஓரமாக, அதாவது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால் இருந்தால் வளைவுக்குள் அதிக தூரம் தெரியும். வலது வளைவு என்றால் இடது ஓரமாக. வெளியே போகும் வழி தெரிகிற வரைக்கும் அந்த வெளிப்பக்கத்திலேயே இருந்துவிட்டு, தெரிந்ததும் உள்ளே திரும்பலாம். சீக்கிரமே உள்பக்கம் வெட்டிவிட்டால் வெளியேறும்போது வண்டி எதிர்ப்பக்கம் அகன்று போய்விடும், பந்தய மைதானத்தில் அது புல்தரை, இங்கே லாரி. ஆனால் பார்வைக்காகப் பாதுகாப்பை விடக்கூடாது. எதிரே வண்டி வந்தால் நடுக்கோட்டை விட்டு உடனே உள்ளே வந்துவிடுங்கள், ஓரத்தில் சரளை கிடந்தால் ஓரத்தை விட்டுவிடுங்கள். வலது வளைவில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சாய்ந்திருக்கிற உங்கள் தலை அந்தப் பக்கம் இருக்கும். போதாததற்கு, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்த பழைய சாலைகளில் வலது வளைவில் தரை உங்களை வெளியே தள்ளும் பக்கமாகச் சரிந்திருக்கும், இடது வளைவில் தாங்கிக்கொள்ளும். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு வளைவுக்கு ஒரே வேகம் ஒத்துவராது.

பிரேக்கைப் பற்றி: முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது, ஏனென்றால் பிடித்ததும் பாரம் முன்னால் வந்துவிடும், பின் சக்கரம் லேசாகிச் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும். வெடுக்கென்று பிடிக்காமல் முதலில் தொட்டு, டயர் தரையில் அழுந்தியதை உணர்ந்து, அப்புறம் இறுக்குங்கள். சாய்ந்திருக்கும்போது நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை மெல்லக் கூட்டிக்கொண்டே வண்டியை நிமிர்த்துங்கள், நிமிர நிமிர இன்னும் அழுத்தலாம். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒரே பணப்பை மாதிரி, சாய்வுக்குச் செலவழித்ததை பிரேக்குக்கும் செலவழிக்க முடியாது.

இறக்கமும் கொண்டை ஊசியும்

ஏறுவதை விட இறங்குவது கடினம். நேர்ச்சாலையில் செய்வது போல நாலாவது கியரில் உருண்டு வந்து பிரேக்கிலேயே சமாளித்தால் மேலே சொன்ன கொதிப்பு நடக்கும். எந்தக் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடினால் வேகம் ஏறாமல் இருக்கிறதோ அந்தக் கியரில் இறங்குங்கள், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் நன்றாகப் பிடித்து விட்டுவிடுங்கள். தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். லீவர் மெத்தென்று ஆகிறதா, கருகின வாசம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நின்று ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கிளட்சைப் பிடித்தபடியோ இன்ஜினை அணைத்துவிட்டோ இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவை ஏறும்போது நடுவில் இன்ஜின் திணறி நின்றால் கட்டாயம் வண்டி சாயும், அதனால் நுழைவதற்கு முன்பே முதல் கியரோ இரண்டாவதோ போட்டுவிடுங்கள், வளைவுக்குள் கியர் மாற்ற வேண்டாம். முடிந்தவரை வெளிப்பக்கமாக அகலமாக எடுங்கள், உள்பக்கம்தான் செங்குத்து. மேலிருந்து பெரிய வண்டி வருகிறதா என்று திரும்புவதற்கு முன்னாலேயே தலையைத் தூக்கி மேல் சாலையைப் பாருங்கள். பஸ்ஸோ லாரியோ வந்தால் அதற்கு முழு வளைவும் தேவை, கீழேயே நின்று வழிவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இறங்கும்போது ரொம்ப மெதுவாகப் போகிற வளைவில் பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்தியபடி திரும்பினால் வண்டி நிலையாக இருக்கும். அந்த வேகத்தில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் அப்படியே கீழே உட்கார்ந்துவிடும்.

தரையில் கிடப்பவை

கிராமத்துச் சாலையில் பாதி ஆபத்து தரையில்தான். மண்பாதை வந்து சேரும் இடத்துக்கு அடுத்த சில மீட்டரில் சரளையும் மண்ணும் சிதறியிருக்கும். வயலில் இருந்து டிராக்டர் ஏறிய இடத்தில் சேறு. வளைவின் உள் ஓரத்தில் கார்கள் மண்ணை இழுத்துவிட்டிருக்கும். வெடிப்பை அடைக்க ஊற்றிய தார்க்கோடு வெயிலில் இளகி வழுக்கும், மழையில் கண்ணாடி மாதிரி. டீசல் சிந்தியிருந்தால் மூக்குதான் முதலில் சொல்லும், தரையில் வானவில் நிறம் தெரியும். மரநிழல் விழுந்த வளைவு காலை பத்து மணி வரை ஈரமாகவே இருக்கும். வெயிலில் இருந்து திடீரென்று நிழலுக்குள் நுழையும்போது ஒரு வினாடி கண் தெரியாது, அந்த ஒரு வினாடிக்காக முன்னாலேயே வேகம் குறைக்க வேண்டும்.

சரளையில் மாட்டிக்கொண்டுவிட்டால் எதையும் திடீரென்று செய்யாதீர்கள். வண்டியை நிமிர்த்தி, முன் பிரேக்கை விட்டு, பிடியைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு நேராகக் கடந்து, கெட்டித் தரை வந்தபின் திரும்புங்கள். முன் சக்கரம் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். கையை இறுக்கினால்தான் அது விழுகிறது.

மாடு, ஆடு குறுக்கே போனால் அதன் பின்பக்கமாகக் கடங்கள், ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துரத்துகிற நாய் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் வேகத்தைக் கணித்துத்தான் குறுக்கே பாயும். அது ஓடி வருவதைப் பார்த்ததும் நன்றாக வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்ததும் சட்டென்று கூட்டிவிட்டால் அதன் கணக்குத் தப்பிப்போகும். உதைக்கக் காலை நீட்டாதீர்கள். ஊருக்குள் நுழைந்தால் மெதுவாக, சத்தமில்லாமல் போங்கள், அது யாரோ வசிக்கிற தெரு.

கூட்டமாகப் போனால்

நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். வளைவுகளில் பக்கத்துப் பக்கமாக ஓட்டக்கூடாது, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு. முன்னால் போகிறவரின் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் அவர் செய்யும் தவறையும் சேர்த்தே செய்வார். பிரிவு வருகிற இடத்தில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவர் கண்ணில் படும் வரை நின்று, எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போகலாம். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் யாரும் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, அவரவர் வேகத்தில் வரலாம். புதிதாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடாதீர்கள், முன்னால் போகிறவருக்கு அடுத்து வையுங்கள்.

உடம்பு

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை இறங்குங்கள். களைப்பு வந்தபின் நிற்பது தாமதம். ஹெல்மெட்டைக் கழற்றி, நாலடி நடந்து, தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தண்ணீர் வற்றுவது தெரியாது, முதலில் தலைவலியாகத்தான் தெரியும். மதியம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். சாப்பிடாவிட்டாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை உடம்பு தானே மந்தமாகும், அந்த நேரத்தில் கால் மணி நேரம் கண்ணை மூடுவது இன்னொரு காபியை விட நல்லது.

கவனம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. கியர் மாற்ற மறப்பது, வளைவுக்கு வளைவு கொஞ்சம் அகன்று போவது, கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாதது, எல்லோர் மேலும் கோபம் வருவது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அடுத்த நல்ல நிழலில் நில்லுங்கள். தோளும் முழங்கையும் இறுகியிருந்தாலும் அதே அர்த்தம். ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் கை ஓய்வாக இருக்கும், முதுகும் பிழைக்கும்.

மழை வந்தால் முதல் கால் மணி நேரம்தான் மோசம், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். அந்த நேரத்தில் எங்காவது ஒதுங்கி நின்றுவிட்டு அப்புறம் போகலாம். மழையில் எல்லாவற்றையும் மெல்லச் செய்ய வேண்டும், முந்தின வண்டியோடு இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், வெள்ளைக் கோடு, இரும்புத் தகடு, பாலத்து இணைப்பு எதன்மேலும் சாய்ந்தபடி போகாதீர்கள்.

வெளிச்சம் போகுமுன் இறங்கிவிடுவது நல்லது. மாலையில் சூரியன் நேர் எதிரே இருந்தால் உங்களுக்கு எதிரே வருபவர் தெரியமாட்டார், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். விலங்குகள் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். சாயம் போட்ட வைசர் மாட்டியிருந்தால் சாதா வைசர் ஒன்று பையில் இருக்க வேண்டும். இருட்டிவிட்டது என்றால் அதே விதி, இப்போது தெரிகிற தூரம் என்பது ஹெட்லைட் எட்டுகிற தூரம், வண்டி சாயும்போது அந்த வெளிச்சம் வளைவுக்குள் விழாமல் வெளியே விழும், ஆகவே பகலில் எடுத்த வேகத்தில் பாதி கூட அதிகம். ஏதாவது ஆகிவிட்டால் உலகின் பெரும்பாலான இடங்களில் மொபைலில் 112 அழைத்தால் அவசர உதவிக்குப் போகும், உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வேறு கம்பெனி சிக்னல் இருந்தால் போதும்.

வந்து சேர்ந்ததும் படுத்துவிடத்தான் தோன்றும். பத்து நிமிஷம் பொறுங்கள். செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து ஆயில் போட்டால் இணைப்புகளுக்குள் நன்றாக இறங்கும், இரவெல்லாம் ஊறவும் நேரம் இருக்கும். அப்படியே சக்கரத்தைச் சுற்றி டயரில் ஆணியோ கல்லோ குத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை. வைசரில் ஒட்டின பூச்சிகளை ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் விழும்.